எழுபத்திரண்டு படி

அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்ட இரண்டாவது மாதம் தம்பி நான்காவது மாடிக்குக் குடிபோனான். லிஃப்ட் இல்லாத கட்டடம். தேடிப் பிடித்திருக்கிறான். நான் லிஃப்ட் மெக்கானிக். அறுபது கட்டடங்களில் லிஃப்ட் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த உயரத்துக்கு லிஃப்டே இல்லாத கட்டடம் இந்த நகரத்தில் எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். நல்ல காற்றோட்டமான வீடு என்றான் போனில். படி கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றான். வீடு பார்க்கப் போன அன்றே எண்ணிவிட்டேன். எழுபத்திரண்டு.

அம்மா போனபோது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஆறு மாதம் என் வீடு, ஆறு மாதம் தம்பி வீடு. முதல் முறை என்னுடையது. ஐந்தாவது மாதம் அப்பா தண்ணீர் வாளியைத் தூக்கப் போய், தூக்கிய மேனிக்கு வளைந்து நின்றுவிட்டார். அதிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. ஆறு மாதம் பதினான்கு மாதமாயிற்று. தம்பியிடம் பேச்சை எடுத்தால் அவனிடம் ஒரே பதில் தயாராக இருந்தது.

"அப்பாவால படி ஏற முடிஞ்சா நாளைக்கே அனுப்பிவைண்ணா. நான் வேண்டாம்னா சொல்றேன்?"

நல்ல மகன் வேஷம் போட்டுக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அப்பாவை வீட்டை விட்டுக் கிளப்ப வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரே எண்ணம்தான். எங்களுக்கு இரண்டே அறை. முன்னறைக் கட்டிலில் அவர். முப்பத்தெட்டு வருஷம் தபால்காரராக இருந்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சட்டைப் பையில் பேனா. நானும் என் மனைவியும் வேலையிலிருந்து திரும்பும்போது வாசலைப் பார்த்தபடியே இருப்பார். இன்றைக்குத் தெருவில் யார் யார் போனார்கள் என்று சொல்வார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. இருந்தார், அவ்வளவுதான். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

நான் பழுது பார்க்கும் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் கைரோபிராக்டிக் சிகிச்சை என்று பலகை தொங்கியது. என்ன வைத்தியம் என்று வாட்ச்மேனைக் கேட்டேன். பெண் டாக்டர் ஒருவராம், மருந்து மாத்திரை கிடையாதாம், முதுகெலும்பைக் கையாலேயே சரி செய்வார்களாம், சடக்கென்று ஒரு சத்தம் கேட்குமாம், வளைந்து போனவர் நிமிர்ந்து வருவாராம். எனக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்து, அன்றே அந்த டாக்டரம்மாவுக்குச் சொடக்கு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

சொடக்கு டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். அப்பாவின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு மெலிந்திருக்கிறது, இந்த வயதுக்கு இது இயல்புதான், ஆனால் சொடக்கெல்லாம் எடுக்க முடியாது என்றார். மெதுவாகத்தான் செய்ய வேண்டுமாம், வாரம் ஒரு முறை வர வேண்டுமாம், வீட்டிலும் பயிற்சி செய்ய வேண்டுமாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரே சத்தத்தில் காரியம் முடிந்துவிடும் என்று வந்தவன் நான்.

அப்பா சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டார். உள்ளே பனியனில் இரண்டு ஓட்டை. அதைக் கையால் மறைத்துக்கொண்டே போய்க் குப்புறப் படுத்தார். முகம் வைக்க அந்த மேஜையில் ஒரு பள்ளம் இருந்தது. டாக்டர் பேனா மாதிரி ஒரு கருவியால் முதுகில் மெல்லத் தட்டினார். பிறகு உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஐந்து நிமிஷத்தில் அப்பாவிடமிருந்து குறட்டை. அம்மா போன பிறகு அவரை யாரும் தொட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன செய்ய, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுந்து உட்கார்ந்த அப்பாவிடம் டாக்டர் ஓர் அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, இந்த வைத்தியம் முடியறப்ப உங்களால என்ன செய்ய முடியணும்? மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

அப்பா யோசித்தார். யோசிக்க விட்டால் ஆபத்து என்று நான் முந்திக்கொண்டேன். "எழுபத்திரண்டு படி ஏறணும் டாக்டர்" என்றேன். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. நீங்களே சொல்லுங்கள் என்று அவரையே மறுபடி கேட்டார்.

"அவன் சொன்னதுதாம்மா" என்றார் அப்பா.

டாக்டர் அட்டையில் அதை எழுதிக்கொண்டார். சிகிச்சை அறையின் மூலையில் மரத்தில் செய்த படிக்கட்டு ஒன்று இருந்தது. இந்தப் பக்கம் மூன்று படி ஏறி, அந்தப் பக்கம் மூன்று படி இறங்க வேண்டும். இருபுறமும் பிடிமானம். இருபத்து நான்கு சுற்று வந்தால் தம்பி வீடு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

வாரம் தவறாமல் வியாழக்கிழமை கூட்டிப்போனேன். வேலைக்கு அரை நாள் விடுப்பு. என்னைப் பார்த்து அங்கே வரும் மற்றவர்கள் பெற்றால் இப்படிப் பிள்ளை பெற வேண்டும் என்றார்கள். நானும் மறுக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் டாக்டர் ஒரு ரோஸ் நிறத் தாள் தருவார். அதில் அந்த வாரத்துப் பயிற்சிகளும், செய்து முடித்தால் குறி போடக் கட்டங்களும் இருக்கும். அப்பா சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, செய்தவுடன் குறி போட்டு, அடுத்த வியாழக்கிழமை பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். முதல் வாரம் ஒன்பது படி. மூன்றாம் வாரம் இருபத்து நான்கு. ஐந்தாம் வாரம் நாற்பத்தைந்து.

சேதி தம்பிக்குப் போயிற்று. போக வைத்தவன் நான்தான். தம்பி வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன், பதினான்கு மாதமாக அப்பாவைப் பார்க்க நேரமில்லாதவன், ஐந்தாம் வாரம் சிகிச்சை நடக்கும் இடத்துக்கே வந்துவிட்டான். கையில் நாலு கால் வைத்த ஊன்றுகோல். அப்பாவுக்கு அன்பளிப்பாம். சுவரை விட்டு நடக்கத் தொடங்கியிருந்த மனிதரின் கையில் அதைத் திணித்தான். டாக்டரிடம் தனியாகப் போய், வயசானவரை ரொம்பப் படுத்தாதீர்கள், மூச்சு வாங்குகிறது என்று கண் கலங்கப் பேசினான். நான் போய், இதயம் கல்லுமாதிரி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏற விடுங்கள் என்றேன். ஒரே அப்பாவுக்கு இரண்டு வக்கீல்கள். அவர் மரப்படியின் உச்சியில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏறவா இறங்கவா என்று கேட்பது போல இருந்தது.

ஆறாம் வாரம் அறுபது ஏறினார். அன்று நான் டாக்டருக்குக் கை கொடுத்தேன். இன்னும் இரண்டு வாரம், அதோடு ஆளை அனுப்பிவிடலாம் என்று என் மனைவியிடம் சொன்னேன். முன்னறையில் மேஜை போடலாமா, திரைச்சீலை மாற்றலாமா என்று பேசினோம். மெதுவாகப் பேசியதாகத்தான் நினைவு. முன்னறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைக் கதவு.

ஏழாம் வாரம் நாற்பதோடு நின்றுவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முடியலம்மா என்றார். ரோஸ் தாள் எங்கே என்று டாக்டர் கேட்டதற்குத் தொலைந்துபோயிற்று என்றார். எந்தத் தாளையும் தொலைத்தறியாத மனிதர். எட்டாம் வாரமும் நாற்பது. ஒன்பதிலும் பத்திலும் நாற்பது. முப்பத்தொன்பது இல்லை, நாற்பத்தொன்று இல்லை. என் தொழிலில் ஒரு லிஃப்ட் வழியில் எங்கேயாவது நின்றால் பழுது. தினமும் அதே மாடியில் போய் நின்றால் யாரோ பொத்தானை அமுக்குகிறார்கள் என்று அர்த்தம்.

டாக்டரைத் தனியாகக் கேட்டேன். காலில் பலம் கூடியிருக்கிறது, முதுகும் நன்றாக வளைகிறது, தன் கைக்கு ஒரு குறையும் தட்டுப்படவில்லை என்றார். அப்படியென்றால் நடிக்கிறாரா என்றேன்.

"வலிக்குதுன்னு அவர் சொன்னா, வலிக்குதுன்னுதான் நான் எடுத்துக்கணும்" என்றார். "ஏன் வலிக்கணும்னு நீங்க வீட்ல கேட்டுப் பாருங்க."

நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கிழவர் என் வீட்டில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறார், தம்பி வாங்கிக் கொடுத்த ஊன்றுகோலோடு அவன் புத்தியும் சேர்ந்து வந்துவிட்டது என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வழி யோசித்தேன்.

அப்பாவோடு தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். அப்பா உயிரையே வைத்திருந்த சிநேகிதர். அவர் இருந்தது என் பொறுப்பில் உள்ள ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடி. பார்த்து இரண்டு வருஷமாயிற்று, வருகிறீர்களா என்று கேட்டதும் அப்பா முகம் சவரம் செய்துகொண்டு கிளம்பிவிட்டார். காலையில் நான் போய் லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்து, பழுது என்று அட்டையும் தொங்கவிட்டு வந்திருந்தேன்.

அட்டையைப் பார்த்து அப்பா தயங்கினார். திரும்பிப் போய்விடலாமா என்றேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்ன திரும்புவது என்று படியில் கால் வைத்தார். நல்ல கால் முதலில், மற்றக் கால் பின்னால், டாக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரியே. நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன். நாற்பதாவது படியில் வலிக்கிறதா என்று கேட்டேன். காதில் விழவில்லை. அந்தச் சிநேகிதர் ஒருநாள் மேலதிகாரியின் கடிதத்தை வேறு ஊர்ப் பையில் போட்ட கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஏறினார். எண்பது படி. மேலே போய் நின்றபோது முகம் வியர்த்துப் பளபளவென்று இருந்தது.

கதவு சாத்தியிருந்தது. மணியை அடித்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை அடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ரோஸ் தாளை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, பின்பக்கம் எழுதினார். தேதி, மணி, வந்தேன், ஆள் இல்லை, முதல் முறை. குனிந்து கதவிடுக்கில் செருகினார். குனிந்தார், முதுகைப் பிடிக்காமல் நிமிர்ந்தார். முதல் முறை என்று எதற்கு என்று நான் சிரித்தேன். மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும், அதற்கும் ஆள் இல்லை என்றால் அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டும், அதுதான் விதி என்றார். கை அப்படியே பழகிவிட்டதாம்.

"எண்பது படி ஏறியிருக்கீங்கப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். இருட்டாகக் கிடந்த லிஃப்டைப் பார்த்தார். என் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தார். நிறுத்தியது நீயா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இவன் வீட்ல இல்லைன்னு உனக்குத் தெரியுமாடா?"

தெரியும் என்றேன். சிநேகிதர் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாயிற்று என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். அப்பா பேனாவை மூடிப் பையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிடுகிறேன் என்றார். கீழே இறங்கும்போது, தம்பிக்கு முதலில் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று இரண்டு முறை சொன்னார். நாள் கடத்தப் பார்க்கிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று வாயை அடைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அவருடைய பையைக் கட்டினாள். ஓட்டை விழுந்த பனியன்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நான்கு வாங்கி வைத்திருந்தாள். அந்த மட்டுக்கு அவள் என்னைவிட மேல். தம்பி வீட்டுப் படியில் அப்பா முன்னால் போனார், பையோடு நான் பின்னால். ஊன்றுகோலை என் வண்டியிலேயே விட்டுவிட்டார். எங்கேயும் நிற்கவில்லை. மூன்றாவது மாடி திரும்பியதும்தான் நின்றார்.

"நீ முன்னாடி போய்த் தட்டுடா. உன்னைப் பார்த்தா திறப்பான்."

மூச்சு வாங்குகிறது, கௌரவத்துக்காக ஏதோ சொல்கிறார் என்று நினைத்து மேலே போய்த் தட்டினேன். கதவில் பதித்திருந்த கண்ணாடித் துளை ஒரு கணம் இருண்டது. நான் தனியாக நிற்பதைப் பார்த்து தம்பி சிரித்துக்கொண்டே திறந்தான். எனக்குப் பின்னால் படியிலிருந்து அப்பாவின் தலை எழுந்ததும் அவன் முகம் சுண்டிப்போயிற்று. பையை உள்ளே வைத்தேன். எழுபத்திரண்டும் ஏறிவிட்டார், ஆறு மாதம் உன் முறை என்றேன். தம்பி மனைவி சமையலறை வாசலிலேயே நின்று, முதுகு எப்படி இருக்கு மாமா என்று கேட்டாள். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டுமென்றால் எப்படி இறக்குவது என்று தம்பி இழுத்தான். நீ இறங்குகிற மாதிரிதான் என்றேன். அவனிடம் வேறு சாக்கு இல்லை. அப்பா என் வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

செருப்பு மாட்டக் குனிந்தேன். வாசலை ஒட்டிச் செருப்பு ஸ்டாண்டு. ஆடாமல் இருக்க அதன் ஒரு காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைத்திருந்தார்கள். ரோஸ் நிறம்.

உருவினேன். மூன்று துண்டுகள். ஒரு துண்டின் ஓரத்தில் ஆறாம் வாரம் என்று அச்சடித்திருந்தது. பின்பக்கங்களில் அப்பாவின் எழுத்து. வெள்ளி, பதினொன்று இருபது, வந்தேன், ஆள் இல்லை, முதல் முறை. திங்கள், பத்து நாற்பத்தைந்து, ஆள் இல்லை, இரண்டாம் முறை. புதன், பதினொன்று பத்து, ஆள் இல்லை, மூன்றாம் முறை. அதன் கீழே ஒரு வரி இருந்தது. அனுப்பியவருக்குத் திருப்பப்படுகிறது.

நான் மேஜையும் திரைச்சீலையும் பேசிய வியாழனுக்கு அடுத்த நாள் வெள்ளி. நானும் மனைவியும் வேலைக்குப் போன பிறகு பஸ் பிடித்து வந்து எழுபத்திரண்டு படியும் ஏறியிருக்கிறார். யாரும் தள்ளாமல் தானாகவே போய்விடலாம் என்று. மூன்று முறை. நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறவர்கள் அந்தத் துளையில் பார்த்துவிட்டு மூச்சுக்காட்டாமல் நின்றிருக்கிறார்கள். புதன்கிழமை மூன்றாம் முறை. மறுநாள் வியாழன் நாற்பதாவது படியில் அவருக்கு வலி வந்தது. இவன் திறக்கவில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். சின்ன மகனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை, தன் முதுகைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். தம்பி சுவரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா என் கையில் இருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமாகப் படித்தால் தம்பியின் மானம் கப்பலேறும். படித்த கையோடு அந்தப் பையை நான் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஸ்டாண்டு ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. தாள்களைப் பழைய மடிப்பிலேயே மடித்து, அதே காலுக்கு அடியில் செருகினேன். ஆட்டம் நின்றது.

வருகிறேன் என்றேன். தம்பி தலையை ஆட்டினான். அப்பா மட்டும் வெளியே வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படி பார்த்து இறங்குடா" என்றார்.

இறங்கினேன். பார்த்துத்தான் இறங்கினேன், எண்ணிக்கொண்டும்தான். கதவு சாத்தும் சத்தத்தை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டே இறங்கினேன். தெருவுக்கு வரும் வரை அது கேட்கவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் போன் செய்தார். ஐயா வரவில்லையே, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றார். நான் அப்போது முன்னறைச் சுவரை மேஜைக்காக அளந்துகொண்டிருந்தேன். குணமாகிவிட்டது, தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார், எழுபத்திரண்டும் ஏறினார் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். நல்ல பிள்ளைகள் என்றார். அட்டையில் ஒரு வரி பாக்கி இருக்கிறது, எண்ணியது நிறைவேறியது என்று போட்டு முடித்துவிடலாமா என்று கேட்டார்.

"போட்டுக்குங்க டாக்டர்" என்றேன்.